காற்றுப் பிடித்த பம்ப்

…இல்லை, மின்சாரம் வருகிறது, அதே பிளக்கில் கைபேசியைச் செருகிப் பார்த்தாயிற்று, அது சமர்த்தாகச் சார்ஜ் ஏறுகிறது, அப்படியானால் கோளாறு பம்ப்பில்தான், மீன்தொட்டிக்கு அடியில் அலமாரிக்குள் இருக்கும் கீழ்த்தொட்டியில் முழுகிக் கிடந்து உப்புத்தண்ணீரை மேலே ஏற்றுகிற அந்தக் கையளவு சனியனில்தான், என்று முழங்கால் போட்டு உட்கார்ந்தபடி அவள் நினைத்துக்கொண்டாள். மணி பத்து ஐந்து. விடிந்ததிலிருந்து மேலே தண்ணீர் அசையவில்லை. பவளங்கள் சுருங்கிவிட்டன, கோமாளி மீன்கள் இரண்டும் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன, குவளையால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றியதில் கொஞ்சம் தெம்பு வந்ததுபோல இருந்தது, எவ்வளவு நேரம்தான் ஊற்றுவது… காலையில் அடுப்படியில் நின்று வளர்ப்பு மீன் கடைக்காரரைப் போனில் கூப்பிட்டாள், குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். "பதினொண்ணுக்குள்ள ஓடலைன்னா தாங்காதுக்கா. நான் வாளியோட வந்து எல்லாத்தையும் கடைக்கு எடுத்துட்டுப் போயிடறேன். ஆனா தொட்டியை ஒரு தடவை கலைச்சா கலைச்சதுதான், யோசிச்சுக்குங்க" என்றார். பதினொண்ணுக்கு வாங்க என்று சொல்லிவிட்டாள். யோசிக்கவே இல்லை. எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை.

தொட்டி அவளுடையதல்ல, கணவருடையது. ஒன்பது வருஷமாகக் கண்ணும் கருத்துமாக வளர்த்தது, கட்டிய மனைவியிடம் பேசியதைவிட அந்த மீன்களிடம் பேசியது அதிகம் என்று அவளே கேலி செய்திருக்கிறாள். லிஃப்ட் மெக்கானிக், சத்தத்தை வைத்தே எந்த மாடியில் எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். இப்போது ஜன்னலோர நாற்காலியில், வலது பக்கம் முழுக்க விழுந்துபோய், எட்டு மாதமாக… வாயில் மிஞ்சியது ஒரே ஒரு சொல், 'அது'. பசித்தாலும் அது, முதுகு அரித்தாலும் அது, கோபம் வந்தால் அது அது அது. பக்கவாதம் வந்த மறுவாரமே மகன் தொலைபேசியில் சொன்னான், "வித்துடுங்கம்மா, அப்பாவையும் பாத்துட்டு மீனையும் பாக்க உங்களால முடியுமா?" முடியும் என்றாள். அவரைக் குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, ஊட்டுவது, பிறகு உப்புக் கரைப்பது, கண்ணாடியில் பாசி சுரண்டுவது, எல்லாம் கடனே என்று நடந்துகொண்டிருக்கிறது. அழுகை வருவதில்லை, கோபமும் வருவதில்லை. போன வாரம் அவருக்குக் கைகால் பயிற்சி கொடுக்க வருகிற பெண் "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்டபோது அவள் அவருடைய ரத்த அழுத்தத்தைச் சொன்னாள். அந்தப் பெண் ஒரு மாதிரியாகப் பார்த்தாள், ஏன் பார்க்கிறாள் என்று அன்று புரியவில்லை.

டொக். நாற்காலிக் கையை இடது கையால் தட்டுகிறார். என்ன? ஓ, கைபேசியை எடுத்துவிட்டு மறுபடி செருகிய பம்ப் பிளக்கைப் பிடுங்காமல் தண்ணீரில் கையை விடப் போனாள். பிடுங்கினாள். பம்ப்பை வெளியே எடுத்து, முன்பக்க மூடியைத் திருகிக் கழற்றி, உள்ளே இருக்கிற சின்னக் காற்றாடியை இழுத்தால் வரமாட்டேன் என்கிறது, சுற்றிலும் வெள்ளையாகச் சுண்ணாம்பு கட்டிக் கல்லாகிவிட்டது. டொக். மெதுவா இழு என்கிறார், தெரியுது, மெதுவாத்தான் இழுக்கிறேன். வந்தது. கிண்ணத்தில் வினிகரை ஊற்றி ஊறப்போட்டாள். இருபது நிமிடம். சும்மா உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று, பொடிப்பொடியாகக் குமிழி வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், ஆஸ்பத்திரி வராந்தாவிலும் இப்படித்தான், அன்று எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், எதிர்ச் சுவரில் அறைந்திருந்த ஓர் ஆணியை… டாக்டர் வந்து பேசியது மறந்துவிட்டது, ஆணி மட்டும் நினைவிருக்கிறது. பழைய பல்துலக்கியால் தேய்த்தாள், நல்ல தண்ணீரில் அலசினாள், காற்றாடியை உள்ளே வைத்து மூடியைத் திருகினாள். டொக் டொக். ரப்பர் வளையம் தரையில் கிடக்கிறது. எதுவும் தப்பாது அந்தக் கண்ணுக்கு. மறுபடி கழற்றி, வளையத்தைப் போட்டு, தண்ணீருக்குள் இறக்கி, கையைத் துடைத்துக்கொண்டு பிளக்கைச் செருகினாள்.

உறுமுகிறது. தண்ணீர் ஏறவில்லை. வெளியிலிருந்து பம்ப்பின் ரப்பர்க் குழாயைப் பிடித்துப் பார்த்தாள், அதிர்கிறது, ஆனால் உள்ளே எதுவும் ஓடவில்லை. இது என்ன என்று அவளுக்குத் தெரியும், நண்பர்களிடம் அவர் எத்தனை முறை சொல்லிக் கேட்டிருக்கிறாள், "ஏர் பிடிச்சிருக்குப்பா, கொஞ்சம் சாச்சுக் குலுக்கு, ஓடிடும்." குழாயை இழுத்துப் பம்ப்பைச் சாய்க்க வேண்டும். அவ்வளவுதான். குழாய் கையில்தான் இருக்கிறது. மணி பத்து நாற்பத்தாறு. சாய்க்கலாம், சாய்க்கிறேன், இதோ… கை அப்படியே இருந்தது. கடைக்காரர் இப்போது கிளம்பியிருப்பார். வாளிகள் வரும், மீன்கள் போகும், அந்தச் சுவர் காலியாகும், அங்கே ஒன்றும் இருக்காது, துடைக்க வேண்டியதும் இருக்காது… ஒரு நிமிடம் ஆனது. இன்னொன்று. ஒரு மீன் பக்கவாட்டில் சாய்ந்து நிமிர்ந்தது, அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பிறகு சாய்த்தாள். மணிக்கட்டு வலித்திருக்கலாம். ஏப்பம் விடுவதுபோல் பெரிய குமிழி ஒன்று வந்தது, குழாய் கனத்தது, மேலே சலசலவென்று சத்தம் கேட்டது.

ஓடுகிறது. அவளுக்கு வந்தது நிம்மதி இல்லை, ஏமாற்றம். ஓடாமல் இருக்க ஆசைப்பட்டிருக்கிறாள். இது நின்றுபோக வேண்டும் என்று, இது மட்டுமா, இல்லை… அந்த நினைப்பை அதற்குமேல் போகவிடாமல் திருடி மாதிரி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தொட்டியைப் பார்க்கவில்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை மடியில் கிடந்தது. அப்போதுதான் உறைத்தது, குழாயைப் பிடித்துக்கொண்டு அவள் சும்மா இருந்த அத்தனை நேரமும் அவர் ஒரு தட்டுக்கூடத் தட்டவில்லை. ரப்பர் வளையத்துக்குத் தட்டியவர். அந்த உறுமலைக் கேட்ட நொடியே காற்றுதான் என்று தெரிந்திருக்கும் அவருக்கு. அடுப்படியில் பேசியதும் காதில் விழுந்திருக்குமோ? அவள் என்ன செய்கிறாள் என்று பார்த்தாரா, அல்லது அவரும் வாளிகளுக்காகத்தான்… அவள் தூக்கி உட்காரவைக்க, அவள் துடைத்துவிட, அவருடைய மீன்களுக்கும் அவளே மண்டியிட, அத்தனையையும் அந்த நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டே…

"அக்கா, வாளி கொண்டாந்துட்டேன், கதவைத் திறங்க" என்று வாசலில் குரல் கேட்டது. இருவரும் அசையவில்லை. களைத்துப்போனது தான் ஒருத்திதான் என்றே எட்டு மாதமாக அவள் நினைத்திருந்தாள்.