நினியன் ராட்ரேயின் நாக்கு

போர்ச்சுகலிலிருந்து வந்திறங்கிய புதுப் பீப்பாயின் அடைப்பைப் பிடுங்கி, முதல் வாய் ஒயினை நாக்கில் உருட்டிக்கொண்டிருந்தார் நினியன் ராட்ரே. அப்போதுதான் தெருவில் வண்டி வந்து நிற்கும் சத்தம் நிலவறைக்குள் கேட்டது. வாடிக்கையாளர் வண்டி இல்லை. குதிரைகளின் குளம்பொலியில் ஒரு அதிகாரம் இருந்தது. கொஞ்ச நேரத்தில் மனைவி எல்ஸ்பெத் கையில் ஒரு ஜோடி கம்பளிக் காலுறையோடு படியிறங்கி வந்தாள். முகம் வெளுத்துக் கிடந்தது.

"மந்திரி வீட்டு வண்டி. உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்களாம். நான் தலையால அடிச்சுக்கிட்டேனா இல்லையா? பேனாவை எடுத்தா ஒயினைப் பத்தி மட்டும் எழுதுங்கன்னு."

"ஒயினைப் பத்தித்தானே எழுதினேன்?"

அது பொய்யும் இல்லை. போன வாரம் லண்டன் பத்திரிகை ஒன்றில், பெயர் போடாமல், ஒரு சரக்கு விளம்பரம் எழுதியிருந்தார். ஒவ்வொரு மந்திரியும் அதில் ஒரு ஒயின். போரை நடத்திக் கெடுத்தவர்கள் எல்லாம் 'கப்பலில் குலுங்கிக் கலங்கிய சரக்கு, சமையலுக்கு மட்டும்.' புதிதாகப் பதவிக்கு வந்த ஆஷ்க்ரோவ் பிரபுவைப் பற்றி, 'புது பாட்டில், பழைய வண்டல். திறந்ததும் நல்ல வாசனை. கால் மணி நேரத்தில் தண்ணீர்.' நகரத்துக் காப்பிக் கடைகளில் ஒருத்தர் படிக்க ஒன்பது பேர் சிரித்தார்கள். பெயர் போடாவிட்டால் என்ன, ஒயினை இப்படி வர்ணிக்க லண்டனில் ஒரே ஒரு ஸ்காட்லாந்துக்காரனால்தான் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும்.

"ஜெயில்ல கல்லுத் தரையாம். இதைப் போட்டுக்கங்க" என்று எல்ஸ்பெத் குனிந்து அவர் பாதத்தைப் பிடித்தாள். கேலி செய்ய ஒரு வாக்கியம் நுனி நாக்கு வரை வந்தது. அவள் காலுறையின் குதிகாலை முன்பக்கமாகத் திருப்பி மாட்டுவதைப் பார்த்து அதை விழுங்கிவிட்டு, காலை நீட்டினார்.

வண்டியில் போகும்போது கம்பளி அரித்தது. ஸ்காட்லாந்தில் லீத் துறைமுகத்துச் சேற்றில் வளர்ந்தவன், படிப்படியாக ஏறி லண்டனில் கடை வைத்து, கடைசியில் இந்த நாக்கால் எல்லாவற்றையும் தொலைக்கப் போகிறோமே என்று நினைத்துக்கொண்டார். ஆனாலும் அந்த 'கால் மணி நேரத்தில் தண்ணீர்' என்ற இடம் நினைவுக்கு வந்ததும் உதட்டோரம் துடித்தது. அதை அவரால் அடக்க முடியவில்லை.

ஆஷ்க்ரோவ் பிரபு சன்னலோரம் நின்றிருந்தார். திரும்பாமலே பேசினார்.

"வாங்க ராட்ரே. நான் பதவிக்கு வந்து நாளாச்சு. தண்ணியாயிட்டேனா?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. "இன்னும் இல்ல பிரபு. அபூர்வமா சில பாட்டில் நம்மளை ஏமாத்திரும்."

பிரபு திரும்பினார். சிரிப்பு என்று சொல்ல முடியாது; ஆனால் கோபம் இல்லை. "ஜொசையா தேயர்னு ஒருத்தர் உங்க பக்கத்து வீட்ல குடியிருந்தாராமே?" என்று கேட்டார்.

அந்தப் பெயரைக் கேட்டதும் ராட்ரேக்கு ஒரு தோட்டத்துச் சுவர் ஞாபகம் வந்தது. தேயர் பாஸ்டன்காரர். கடலுக்கு அந்தப்பக்கத்து அமெரிக்கக் குடியேற்றங்களின் சார்பில் லண்டனில் வந்து தங்கியிருந்தார். வயதில் மூத்தவர். சுவருக்கு மேலாக அவர் உப்புக் கருவாட்டை நீட்டுவார், இவர் ஒயினை நீட்டுவார். இவர் எழுதியதைப் பத்திரிகையில் வருவதற்கு முன்பே சுவரோரம் நின்று கேட்டுச் சிரித்த முதல் வாசகர் அவர்தான். ராஜாவுக்கும் அந்தக் குடியேற்றங்களுக்கும் போர் மூண்டபோது ராட்ரே சரக்கு வாங்க லிஸ்பனுக்குப் போயிருந்தார். திரும்பி வந்தால் பக்கத்து வீடு காலி. விடைபெற்றுக்கொள்ளக்கூட வாய்க்கவில்லை. இப்போது தேயர் பாரிஸில், பிரிந்துபோன அந்த நாட்டின் பிரதிநிதி.

"சண்டை போதும்னு ராஜாவே நினைக்க ஆரம்பிச்சிட்டார்" என்றார் பிரபு. "ஆனா பேச ஆள் வேணும். பெரிய மனுஷனை அனுப்பினா, அவங்களோட கூட்டு சேர்ந்திருக்கிற பிரெஞ்சுக்காரன் மோப்பம் பிடிச்சுருவான். ஒயின் வியாபாரி பிரான்சுக்குப் போனா ஏன்னு எவன் கேப்பான்? தேயர் பேச சம்மதிப்பாரான்னு மட்டும் பாத்துட்டு வாங்க."

"என்னையா? நான் வாயாடிங்கிறது ஊருக்கே தெரியுமே பிரபு."

"தெரியும். இந்த ஊர்ல அவர் முகம் பாத்துப் பேசக்கூடிய ஆள் வேற யாரும் மிச்சமில்ல."

பாரிஸுக்கு வெளியே, திராட்சைத் தோட்டங்கள் சரிந்திறங்கும் ஒரு மேட்டுக் கிராமத்தில் தேயரின் வீடு இருந்தது. கப்பலிலும் வண்டியிலும் வழிநெடுக, வாசலில் என்ன சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று ராட்ரே வாக்கியங்களைத் தீட்டிக்கொண்டே வந்தார். உள்ளே போனதும் எல்லாம் காற்றில் போயிற்று. தேயர் கிழவராகியிருந்தார். வாதத்தில் வீங்கிய கால், துணி சுற்றி ஒரு முக்காலி மேல் கிடந்தது. எழுந்திருக்கவில்லை. கையும் நீட்டவில்லை.

"உட்காரு" என்றார். அப்புறம், வானிலையைச் சொல்வதுபோல, "அமோஸ் போயிட்டான். உங்க ஆளுங்க பிடிச்சுக் கப்பல்ல அடைச்சு வச்சிருந்தாங்க. காய்ச்சல்" என்றார்.

அமோஸ் அவருடைய தம்பி மகன். லண்டனில் அவரோடு இருந்த காலத்தில் நிலவறைக்கு இறங்கி வருவான். ராட்ரே பெருமையாக நீட்டிய விலையுயர்ந்த ஒயினை ஒரு வாய் குடித்துவிட்டு, "மாமா, இதுக்கு எங்க ஊர்ல பேரு மை" என்றவன். அன்று ராட்ரேக்குப் பதில் தோன்றவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோட்டத்தில் யாரோ கிளை வெட்டும் சத்தம் வந்துகொண்டிருந்தது. ராஜா, மந்திரி, சமாதானம் எதுவும் அவர் வாயிலிருந்து வரவில்லை. கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

கடைசியில் தேயர்தான் பேசினார். "என்னய்யா, உன் நாக்குக்கு என்ன ஆச்சு?"

"அவன் முன்னாடி அது என்னிக்கு ஜெயிச்சுது?"

கிழவரின் தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று ராட்ரேக்குத் தெரியவில்லை. பிறகு தேயர் சொன்னார்: "நீ எழுதுறதெல்லாம் இங்கயும் வரும். சண்டை நடக்கிறப்போ, சொந்த மந்திரிகளையே அந்தக் கிழி கிழிச்சியே. படிச்சப்பல்லாம் நினைப்பேன், அந்தப் பாழாப்போன ஊர்ல பேசறதுக்கு இன்னும் ஒருத்தன் இருக்கான்னு." முக்காலியிலிருந்து காலை நகர்த்த முயன்று முகம் சுளித்தார். ராட்ரே எழுந்து தூக்கி வைத்தார். "ஆளை அனுப்பச் சொல்லு. பேசறேன்."

அப்படித்தான் ராஜாவின் தூதராக சர் பெரிகிரின் ஹால்டன் வந்து சேர்ந்தார். ராட்ரே ஊர் திரும்பலாம் என்றிருந்தவர், தூதுக்குழுவின் செயலாளர் ஆனார். எல்ஸ்பெத்துக்கு எழுதியபோது, ஜெயிலைவிடச் சம்பளம் கொஞ்சம் அதிகம், காலுறை மட்டும் இன்னும் அரிக்கிறது என்று எழுதினார்.

சர் பெரிகிரின் நல்லவர். ஆனால் இஸ்திரி போட்ட மனிதர். முதல் சந்திப்பிலேயே காரியம் முட்டிக்கொண்டு நின்றது. அவர் கொண்டுவந்த அதிகாரப் பத்திரத்தில் 'குடியேற்றங்களின் ஆட்களோடு பேச' என்று இருந்தது. தேயர் பத்திரத்தைத் திருப்பித் தள்ளினார். "அப்படி ஒரு ஆள் இங்க யாரும் இல்லை. எங்க நாட்டுக்கு ஒரு பேர் இருக்கு. அதை எழுதிட்டு வாங்க." பேசி முடித்தபிறகுதான் பெயர் என்றார் சர் பெரிகிரின். பெயர் வைத்தபிறகுதான் பேச்சு என்றார் தேயர். கோடை இப்படியே கரைந்தது. அங்கே கடல்களில் இன்னும் கப்பல்கள் சுட்டுக்கொண்டிருந்தன. ஒவ்வொரு தபாலிலும் யாரோ ஒருவர் வீட்டு அமோஸ் செத்துக்கொண்டிருந்தான்.

ஆத்திரத்தில் ஒரு நாள் ராட்ரே உட்கார்ந்து எழுதினார். பிள்ளை பிறந்து, வளர்ந்து, மீசை முளைத்து, கல்யாணத்துக்கு நிற்கிறான். கர்ப்பம் இன்னும் உறுதியாகவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார் ஒரு வைத்தியர். வைத்தியரின் நடை, கைக்குட்டையை மடிக்கும் விதம் எல்லாம் அச்சு அசல் சர் பெரிகிரின். வாழ்நாளில் எழுதியதிலேயே சிறந்தது அதுதான் என்று அவருக்கே தெரிந்தது. லண்டன் பத்திரிகைக்காரர் இதற்காக ஏங்கிக் கிடக்கிறார். அனுப்பினால் ஊரே சிரிக்கும். சர் பெரிகிரினையும் திரும்ப அழைத்துக்கொள்வார்கள். அடுத்து வருபவர் இன்னும் விறைப்பானவராக இருப்பார். ராட்ரே அதை இன்னொரு தடவை படித்தார், வயிறு வலிக்கச் சிரித்தார், அடுப்பில் போட்டார். எரிந்தபிறகும் இரண்டு வரி மனசில் கிடந்து நமைத்தது.

மறுநாள் காலை, நாவிதர் சவரம் செய்துகொண்டிருக்கும்போதே சர் பெரிகிரினிடம் போய் நின்றார். முகத்தில் நுரை இருக்கும்போது அவரால் குறுக்கே பேச முடியாது.

"துரை, எங்க அப்பா லீத்துல மர வியாபாரி. என்னைக் குமாஸ்தாவா வச்சிருந்தார். நான் கோவிச்சுக்கிட்டு அதே தெருவுல ஒயின் கடை போட்டேன். அவரு ஊர் பூரா என்ன சொன்னார் தெரியுமா? 'எங்க குமாஸ்தா எதிர்க்கடையில உக்காந்திருக்கான்.' சீட்டுல 'குமாஸ்தா'ன்னு பேர் போட்டு ஆள் விடுவார். நான் வந்த ஆளைத் திருப்பி அனுப்பிருவேன். எங்க அம்மா ரெண்டு வாசலுக்கும் நடந்தே தேஞ்சு போனா. ரெண்டு பேருக்கும் வியாபாரம் படுத்துச்சு. ஊர்க்காரன் எவனும் எங்க ரெண்டு கடைக்கும் வரல. பஞ்சாயத்து பண்ண முடியாதுன்னு."

நாவிதரின் கத்தி நின்றது. சர் பெரிகிரின் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"ஒரு மழை நாள், அப்பா கடைக்குள்ள வந்தார். தொப்பியைக் கழட்டினார். 'ராட்ரே அவர்களே, நெஞ்சுச் சளிக்கு நல்லதா ஏதாவது இருக்கா'ன்னு கேட்டார். அவ்வளவுதான். அவரு சொத்துல ஒரு மரக்கட்டை குறையல துரை. அதுக்கப்புறம் அவர் சாகிற வரைக்கும் எங்க ரெண்டு பேர் சரக்கும் ஒரே கப்பல்லதான் வந்துச்சு."

சர் பெரிகிரின் துண்டை வாங்கித் தானே நுரையைத் துடைத்தார். பாதி முகம் சவரமாகாமல் இருந்தது.

"இட்டுக்கட்டலையே? உங்க தொழிலே அதாச்சே."

"இட்டுக்கட்டியிருந்தா இன்னும் நல்லாச் சொல்லியிருப்பேன் துரை. எங்க அப்பாவை அழ வச்சிருப்பேன். அவர் அழல. இருமினார்."

சர் பெரிகிரின் கைக்குட்டையை நாலாக மடித்தார்; பிரித்தார்; மறுபடி மடித்தார். அப்புறம், பாதி முகத்தோடே, மேசைக்குப் போய் உட்கார்ந்தார். புதுப் பத்திரம் கேட்டு லண்டனுக்கு அன்று போன கடிதத்தில் ராட்ரேயின் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் கடிதம் போயிற்று.

இலைகள் பழுக்கத் தொடங்கிய நேரத்தில் புதுப் பத்திரம் வந்தது, பெரிய அரக்கு முத்திரையோடு. தேயரின் வீட்டு முன்னறையில், அவரைத் தவிர எல்லோரும் நின்றார்கள். சர் பெரிகிரினுக்குத் தொண்டை கட்டியிருந்தது. நிஜமாகவே கட்டியிருந்ததா என்று ராட்ரே பிறகு பல தடவை யோசித்ததுண்டு. "செயலாளர் வாசிக்கட்டும்" என்றார்.

ராட்ரே வாசித்தார். ராஜாவின் பட்டங்கள் நீளமாகப் போயின. அவற்றை எத்தனையோ தடவை கோணலாக்கி எழுதியிருக்கிறார்; இன்று நேராகவே வந்தன. அந்த இடம் வந்தது. பேச வேண்டியது இன்னாரோடு என்று சொல்லும் இடம். 'அமெரிக்க ஐக்கிய நாடுகள்.' லீத் துறைமுகத்து உச்சரிப்பு அப்படியே ஏறி நின்ற குரலில் அதைச் சொன்னார். சொல்லும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நிறுத்தி, எச்சில் விழுங்கி, முழுசாக இன்னொரு தடவை சொன்னார். தேயர் சுவரைப் பிடித்துக்கொண்டு, வீங்கிய காலை ஊன்றி, எழுந்து நின்றிருந்தார்.

"இன்னிக்குப் பேச ஆரம்பிக்கலாம்" என்றார் தேயர். "முடியறது எப்பவோ. மீன்பிடி உரிமைக்கே நீங்க ஒரு மாசம் சண்டை போடுவீங்க."

"ரெண்டு மாசம்" என்றார் சர் பெரிகிரின்.

மற்றவர்கள் மேசைக்கு நாற்காலி இழுத்துக்கொண்டிருக்கும்போது, கொஞ்சம் காற்று வேண்டும் என்று தேயர் ராட்ரேயின் தோளைப் பிடித்தார். வாசலுக்கு வந்தார்கள். கிழவரின் முழுக் கனமும் இவர் மேல் இருந்தது. அமோஸைப் பற்றி இருவரும் பேசவில்லை. கீழே சரிவில், ஆற்றங்கரையில், கிராமத்துப் பெண்கள் துவைத்துக்கொண்டிருந்தார்கள். மேற்கே ஒரு மேகம் கறுத்து நின்றது, கிழக்கே வெயில். இளம்பெண் ஒருத்தி மேகத்தை அண்ணாந்து பார்த்தாள், வெயிலைப் பார்த்தாள். கூட இருந்தவள் மேகத்தைக் கைகாட்டி, தலையை ஆட்டி என்னவோ கத்தினாள். இவள் காதில் வாங்காமல் ஈரப் படுக்கைவிரிப்பை உதறினாள். அது காற்றில் உப்பி, பாய்மரம்போல விறைத்து, மெல்ல வேலிச்செடியின் மேல் இறங்கியது. அடுத்ததை எடுக்க அவள் கூடைக்குக் குனிந்தாள்.