மூன்றாம் வளைவு மெத்தை

காலை ஆறரைக்குப் பனிச்சறுக்கு வண்டியில் உட்கார்ந்து சறுக்கத் தொடங்கியதும் இரண்டு குதிகாலையும் ஊன்றிப் பார்த்தேன். நிற்கவில்லை. முந்தின நாள் மாலை மழை பெய்து, விடிவதற்குள் குளிர் இறுகியிருந்தது. மலைமேல் என் அண்ணன் அலோய்ஸின் சாப்பாட்டுக்கடையிலிருந்து கீழே ஊர் வரைக்கும் நாலு கிலோமீட்டர் சறுக்குப்பாதை முழுக்கக் கண்ணாடி. பதினெட்டு வருஷமாக இந்தப் பாதைக்கு நான்தான் காவல். தினமும் முதல் ஆளாக இறங்குவேன். குதிகால் ஊன்றி மூன்று வண்டி நீளத்துக்குள் நின்றால் 'நல்ல பனி'. ஆறு நீளத்துக்குள் நின்றால் 'கடினப் பனி, பழகியவர்கள் மட்டும், தலைக்கவசம் கட்டாயம்'. அன்றைக்குப் பதினைந்து நீளம் போயும் வண்டி என்னை மதிக்கவில்லை. ஓரத்துப் பனிக்குவியலில் விழுந்து புரண்டுதான் நின்றேன். சுற்றுலா அலுவலகத்து ரோஸ்வீத்தாவுக்குப் போன் போட்டேன். நான் சொல்வதைத்தான் அவள் ஏழு மணிக்கு இணையத்தில் எழுதுவாள்.

"பாதை மூடியாச்சுன்னு போடு."

"லீவு வாரம் வெண்டல். ஊரே நெறஞ்சு கெடக்கு. 'கவனமா இறங்கவும்'னு போட்டுரட்டுமா?"

"கவனமா சாகவும்னு போடேன். மூடுன்னு சொல்றேன்ல?"

பனி ஸ்கூட்டரில் மேலே ஏறி, அண்ணன் கடை வாசலில் இருக்கும் பலகையைப் பச்சையிலிருந்து சிவப்புக்குத் திருப்பினேன். திரும்பி வந்து மூன்றாம் வளைவில் நிற்கும் தேவதாருவிலிருந்து மெத்தையைக் கழற்றினேன். யாராவது தடம் மாறி மோதினால் அடி படாமலிருக்கத்தான் அந்த மெத்தை. ஆனால் மழைநீரைக் குடித்து உறைந்துவிட்டால் அது மெத்தை இல்லை, பாறை. அதனால் மூடிய நாட்களில் அவிழ்த்துப் பக்கத்துக் கொட்டகையில் அடுப்போரம் காயவைப்பேன். பலகை சிவப்பு என்றால் மரம் அம்மணமாக நிற்கிறது என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்ததைப் பூட்டி வைக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன். பாதையின் தொடக்கத்தில் குறுக்கே போடும் அடைப்புச் சங்கிலியை நான் மாட்டவில்லை.

பதினொரு மணிக்குக் கொட்டகைக்குள் இருந்தேன். அலறல் எதுவும் கேட்கவில்லை. ஈர மரத்தில் சம்மட்டி இறங்கியது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். வெளியே ஓடினால் வண்டி இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஒரு பெண் மரத்தைக் கட்டிக்கொண்டவள் போல அடியில் மடங்கிக் கிடந்தாள். முகத்தைத் திருப்பினேன். திருப்பியிருக்கக் கூடாது. பாதி முகம் அங்கே இல்லை. பட்டைக்குள் ஒரு பல் குத்தி நின்றது. பின்னாலேயே இறங்கிய கணவன் வண்டியிலிருந்து உருண்டு விழுந்து, "மாரிகே, மாரிகே" என்று அவள் பூட்ஸைப் பிடித்து உலுக்கினான். ஹெலிகாப்டர் வந்து இருவரையும் தூக்கிப்போனது. உயிர் இருக்கிறது, இரவு தாண்டினால் பார்க்கலாம் என்று அதில் வந்த மருத்துவர் கைவிரித்தார். போகும்போது கணவன் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னான்: "மேல பச்சைன்னு போட்டிருந்துச்சே."

எனக்குத் தலைக்கேறியது. கொட்டகைக் கோடாலியோடு மேலே போனேன். பலகை பச்சையாகத்தான் இருந்தது. வாசலில் வாடகை வண்டிகள் வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. முதல் வண்டியில் கோடாலியை இறக்கினேன். இரண்டாவது, மூன்றாவது. சன்னல்களில் சூப் கரண்டியோடு முகங்கள் முளைத்தன. பதினோராவது வண்டியில் அண்ணன் வெளியே வந்தான்.

"டேய், பைத்தியம் புடிச்சிருச்சா ஒனக்கு?"

"பலகைய யாரு திருப்புனது?"

"அம்பது பேர் வந்து நிக்கிறான். நீ தும்முனா மூடுவ, இருமுனா மூடுவ. நான் கடை நடத்த வேணாமா?"

கோடாலியைக் கீழே போட்டேன். அது எனக்குள் மிச்சமிருந்த புத்தி. கையை மடக்கி அவன் மூக்கில் குத்தினேன். எலும்பு நொறுங்கியது விரலில் தெரிந்தது. அவன் என் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினான். நான் முழங்காலால் இடித்தேன். இரண்டு பேரும் உடைந்த வண்டிகளுக்கு நடுவே கட்டிப் புரண்டோம். அண்ணி கிரேத்தல் ஒரு வாளித் தண்ணீரை எங்கள்மேல் ஊற்றினாள். "வெறிநாய்ங்களா, அந்தப் பொம்பள அங்க செத்துக்கிட்டு இருக்கா!" என்று கத்தினாள். நான் அடிப்பதை நிறுத்தவில்லை. அடிப்பது சுகமாக இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. அண்ணன் வாய் நிறைய ரத்தத்தோடு சொன்ன வார்த்தைதான் நிறுத்தியது.

"மெத்தைய எவன்டா கழட்டுனான்?"

என் கை அந்தரத்தில் நின்றது.

"சங்கிலிய மாட்டுனியா? சொல்லுடா. மாட்டல. போலீஸ் என்கிட்ட பலகையக் கேக்கும், ஒன்கிட்ட மெத்தையக் கேக்கும். ரெண்டு பேருக்கும் ஒரே கூண்டு." என் கழுத்தை விட்டுவிட்டு எழுந்தான். "போலீஸ் வண்டி இந்தப் பனியில ஏறாது, நடந்துதான் வராங்க. அரை மணி நேரம் இருக்கு. மெத்தைய மாட்டிருவோம். அவ வேகமா வந்தா, மோதுனா. நம்ம எல்லாம் சரியா வச்சிருந்தோம்."

இல்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஸ்கூட்டரைக் கிளப்பினேன். அவன் என் பின்னால் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டான். அவன் மூக்கு என் முதுகில் சொட்டியது. கொட்டகையிலிருந்து மெத்தையைத் தூக்கி வந்து மரத்தோடு சேர்த்துப் பிடித்தான். நான் கயிற்றைச் சுற்றிக் கட்டினேன். பட்டையில் இருந்த ரத்தமும் அந்தப் பல்லும் அதற்குள் மறைந்துபோயின. இவ்வளவு எளிதா என்று எனக்கே அசிங்கமாக இருந்தது. கீழே மரங்களுக்குள் இரும்பு முள் பூட்டிய பூட்ஸ்கள் பனியைக் குத்தும் சத்தம் கேட்கத் தொடங்கியது. அண்ணன் ஓர் அடி பின்னால் போய்ப் பார்த்தான்.

"சுத்தமா இருக்கே," என்றான். "மோதுன மெத்தையில ரத்தம் இருக்கணும்ல?"

அவன் குனிந்து, நான் உடைத்த மூக்கை மெத்தையில் அழுத்தித் தேய்த்தான். வலியில் முனகினான், ஆனாலும் தேய்த்தான். மேலும் கீழும், நிதானமாக, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பவன் போல. சிவப்பு சரியாக முகம் மோதும் உயரத்தில் பரவியது.

"ஒன் கையால வந்த ரத்தம்தான். வீணாப் போகக் கூடாது," என்று என்னைப் பார்த்துச் சிரித்தான். பற்களெல்லாம் சிவப்பு.

சட்டைப்பையிலிருந்து கத்தியை எடுத்தேன். அவன் ஒரு கணம் தனக்குத்தான் என்று நினைத்திருக்க வேண்டும், இரண்டு கைகளையும் முகத்துக்கு முன் தூக்கினான். நான் கயிற்றை அறுத்தேன். மெத்தை மரத்தைவிட்டுச் சாய்ந்து பாதையில் விழுந்தது, ரத்தம் பட்ட பக்கம் மேலே தெரிய. விழுந்த இடத்தில் அது நிற்கவில்லை. மெல்ல ஒரு சுற்றுச் சுற்றிச் சறுக்கத் தொடங்கியது. "வெண்டல்!" என்று கத்திக்கொண்டு அண்ணன் பாய்ந்தான். கால் வழுக்கி விழுந்து, கைகளால் பனியைப் பிறாண்டியபடி அதன் பின்னாலேயே போனான். மெத்தை வேகமெடுத்து, யாரும் ஓட்டாமலே வளைவைச் சரியாகத் திரும்பியது. மரங்களுக்கு அந்தப் பக்கம் ஏறி வந்துகொண்டிருந்த பூட்ஸ் சத்தம் சட்டென்று நின்றது.