பாலனுக்குக் குளிக்க ஊற்றிய கதை

1

இந்தக் கதை ஒலிபெருக்கியிலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆனையூரில் எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவரும் கன்னியர் நடத்தும் தொடக்கப் பள்ளியின் மைதானச் சுவரும் ஒன்றுதான். காலையில் தலைமையாசிரியை சிஸ்டர் பிரகாசி மைக்கைத் தட்டி "ஹலோ, ஹலோ" என்றால் எங்கள் வீட்டுத் தட்டு ஸ்டாண்டு அதிரும். அந்தப் பள்ளியில் அடுத்து என்ன நடக்கப் போகிறது என்பது பெற்றோரைவிட எனக்குத்தான் முன்னால் தெரியும். அரையாண்டுப் பரீட்சை எப்போது, விளையாட்டு விழாவுக்கு வெள்ளை ஷூ கட்டாயமா, பொங்கலுக்குக் கரும்பு கொண்டு வருவது யார், வண்டியூர் தெப்பக்குளத்துக்குச் சுற்றுலா போகும் பிள்ளைகள் படிக்கட்டில் எதுவரை இறங்கலாம், எல்லாம் என் காபியோடு வந்து சேரும்.

இதைக் கண்டித்து ஒரு கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். 'காதுகளின் மீதான வன்முறை' என்று தலைப்பும் போட்டாயிற்று. அப்போது மைக்கில் இது வந்தது:

"மூணாங் கிளாஸ் காவ்யஸ்ரீயோட அம்மா சாயங்காலம் வந்து பாலனை வாங்கிட்டுப் போகவும். நாளைக்குக் காலையில விழாவுக்குக் கொண்டு வந்துரணும். கீழ போட்றாதீங்க. உங்க வீட்டுப் பிள்ளை மாதிரி பாத்துக்கங்க."

கட்டுரை அந்த இடத்திலேயே படுத்துவிட்டது. என் மனைவி தமிழ்வாணி அந்தப் பள்ளியில்தான் ஆசிரியை. ஒண்ணாம் வகுப்பும் எடுப்பாள், எல்லா வகுப்புக்கும் படம் வரையவும் சொல்லித் தருவாள். எனக்குச் செய்தி தருவதும் அவள்தான், எழுதியதை முதலில் படித்துவிட்டுச் சண்டை போடுவதும் அவள்தான்.

2

தொடக்கம், முதல் முயற்சி: மார்கழிப் பனி மதுரையை வெள்ளைப் போர்வையாக—

விடுங்கள். வைகையில் தண்ணீர் வந்தாலே தலைப்புச் செய்தியாகிற ஊர் இது. பனிக்கு எங்கே போவது?

இரண்டாம் முயற்சி: ரங்கநாயகி ஒரு சராசரிக் குடும்பத்தலை—

"அந்தம்மா உங்களவிட வேகமா ஸ்கூட்டி ஓட்டும். சராசரியாம்ல!" என்றாள் தமிழ்வாணி. அடித்துவிட்டேன்.

மூன்றாவது முயற்சியாக, சும்மா விஷயத்தைச் சொல்கிறேன். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்தின கடைசி நாளில் இந்தப் பள்ளியில் விழா. மைதானத்து வேப்பமரத்தடியில் குடில் போடுவார்கள். வைக்கோல், மாடு, ஆடு, இடையர் எல்லாரும் முன்பே வந்து நிற்பார்கள். நடுவில் இடம் காலியாக இருக்கும். அங்கே வைக்க வேண்டிய குழந்தை இயேசுவின் சுரூபத்தை மூணாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ஏந்தி வரும். அதைத்தான் எல்லாரும் பாலன் என்பார்கள். யார் ஏந்துவது என்பதற்குச் சீட்டு. பிஸ்கட் டப்பாவில் மூணாம் வகுப்பில் இருக்கிற எல்லாப் பெயரும் கிடக்கும். கோயிலுக்குப் போகிற பிள்ளையா, சர்ச்சுக்குப் போகிற பிள்ளையா, பள்ளிவாசலுக்குப் போகிற பிள்ளையா என்று டப்பா பார்க்காது. பெயர் வந்த வீட்டில் முந்தின நாள் இரவு பாலன் தங்குவார். இந்த வழக்கத்தை யார் ஆரம்பித்தார்கள் என்று பள்ளியில் ஒருவருக்கும் தெரியவில்லை. நல்ல வழக்கங்கள் பெரும்பாலும் அப்படித்தான்.

இந்த வருஷம் காவ்யஸ்ரீ. வருகை கேட்டால் "உள்ளேன் டீச்சர்" என்பாள், அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் முடிகிறவரை வாயைத் திறக்க மாட்டாள். அப்படிப்பட்ட பிள்ளை, சீட்டு விழுந்த நாளிலிருந்து டிபன் டப்பாவைத் துண்டில் சுற்றிக் கையில் ஏந்தி, வீட்டுக் கூடத்தில் மெல்ல மெல்ல நடந்து பழகிக்கொண்டிருந்தாள்.

3

காவ்யஸ்ரீயின் அம்மா ரங்கநாயகி சாயங்காலம் வந்து பாலன் இருந்த பெட்டியை வாங்கிக்கொண்டாள். செருப்புக் கடை அட்டைப் பெட்டி, உள்ளே பஞ்சு. முதலில் ஸ்கூட்டியில் காலடியில் வைத்தாள். சாமியைக் காலடியில் வைக்கலாமா என்று உடனே எடுத்து மகள் மடியில் கொடுத்தாள். அன்றைக்கு அவள் ஓட்டிய வேகத்தில் சைக்கிள்காரர்கள் எல்லாம் அவளை முந்திக்கொண்டு போனார்கள்.

வீட்டில் பூஜை அலமாரிக்கு முன்னால் பெட்டியைத் திறந்தாள். ஒரு சாண் நீளத்தில் குழந்தை. ஒரு கால் மடங்கி, ஒரு கால் தூக்கி, கை இரண்டும் 'தூக்கு' என்கிற மாதிரி. பார்த்ததும் அவளுக்கு வந்தது பக்தி இல்லை.

"ஐயோ, எம்புட்டுத் தூசி!" என்றாள்.

[இதைச் சௌராஷ்டிரத்தில் சொன்னாள். அவர்கள் வீட்டில் அந்த மொழிதான். எனக்கு அதில் ஒரு வார்த்தை தெரியாது. தமிழில் நானாகப் போட்டுக்கொண்டேன்.]

அவள் நினைத்ததில் ஒரு பிழையும் இல்லை. அவர்கள் வீட்டுக்கு எந்தச் சாமி வந்தாலும் முதலில் திருமஞ்சனம். அலமாரியில் இருக்கும் பித்தளைத் தவழும் கிருஷ்ணனுக்கு எத்தனையோ முறை பாலும் மஞ்சள் நீரும் ஊற்றிக் குளிப்பாட்டியிருக்கிறாள். இதுவும் தவழுகிற வயசுக்கு முந்தின குழந்தைதானே? சிஸ்டர் வேறு வீட்டுப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். சாமி என்றாலும் குளிப்பாட்ட வேண்டும், பிள்ளை என்றாலும் குளிப்பாட்ட வேண்டும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

கீழே போடாதீர்கள் என்று சொன்ன சிஸ்டருக்கு, குளிப்பாட்டாதீர்கள் என்று சொல்லத் தோன்றவில்லை. தோன்றவும் தோன்றாது. சர்ச்சுக்குப் போகிறவர்கள் சுரூபத்தைத் துடைப்பார்கள், மாலை போடுவார்கள், குளிப்பாட்ட மாட்டார்கள்.

தண்ணீரை விளாவி, முழங்கையை விட்டுச் சூடு பார்த்தாள். இடது முன்னங்கையில் பாலனைப் படுக்க வைத்துப் பால் ஊற்றினாள், மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள், வெந்நீர் ஊற்றினாள். காவ்யஸ்ரீ பக்கத்தில் நின்று, கண்ணில் தண்ணீர் போகாமல் நெற்றியில் கை வைத்து மறைத்தாள். ரங்கநாயகிக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு மனசு அப்படி நிறைந்திருந்தது. மகளைக் குளிப்பாட்டிய காலத்தில் பாடியதை முணுமுணுத்துக்கொண்டே துண்டால் முகத்தைத் துவட்டினாள்.

துண்டு ரோஸ் நிறமாக இருந்தது.

கன்னத்துச் சாயம் முழுக்கத் துண்டுக்கு வந்துவிட்டது.* அடியில் இருந்த வெள்ளை மாவு மஞ்சள் தண்ணீரைச் சொட்டு விடாமல் குடித்துக்கொண்டிருந்தது. எலுமிச்சை போட்டாள், போகவில்லை. சோப்புப் போட்டாள், இன்னும் நன்றாகப் பிடித்தது.

* பித்தளை வேறு, பிளாஸ்டர் மாவுச் சுரூபம் வேறு. அதுவும் கன்னத்துக்குப் போன வருஷம் யாரோ ஓர் ஓவிய ஆசிரியை, பெயிண்டுக்குப் பதிலாகப் பிள்ளைகள் படம் வரையும் தண்ணீர்க் கலரைப் பூசியிருக்கிறார். அந்த ஆசிரியையின் பெயரைப் போடக் கூடாது என்று எனக்கு உத்தரவு. இந்த வீட்டில் நான் சாப்பிட்டாக வேண்டும்.

4

இந்த இடத்தில் ரங்கநாயகி மேல் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இவள் உண்மையைச் சொல்கிறவளா, மறைக்கிறவளா? எழுதுகிறவனுக்கே தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை போலிருக்கிறது, தோழி பக்ருன்னிசாவுக்குப் போன் போட்டாள். பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நின்றே பழகிய சிநேகம். பக்ருன்னிசாவின் மகன் யாசீன் பெயர்தான் போன வருஷம் டப்பாவில் வந்தது.

"நாங்க பெட்டியவே திறக்கலக்கா. எங்க வீட்டுல சிலை வைக்கிறதில்லைல்ல. ஆனா இயேசுதான் எங்களுக்கு ஈசா நபி. அதான் யார் காலும் படாம ஃபிரிட்ஜ் மேல வச்சோம். குளிருமேன்னு பெட்டிக்கு மேல என் துப்பட்டாவ மட்டும் போத்தி விட்டேன்."

"நான் ஏன்டி அப்படி வைக்காமப் போனேன்? புள்ளை இம்புட்டு நாளா நடந்து பழகுறா பக்ரு. நாளைக்கு அவ கையில குடுக்க மாட்டேன்னுட்டா?"

"குடுப்பாங்கக்கா."

"அது மட்டுமில்ல. இனிமே சர்ச்சுக்குப் போறவங்க வீட்டுக்கு மட்டுந்தான் பாலன் போகும்னு சொல்லிட்டா? என் ஒருத்தியால எல்லாருக்கும் கெட்டுப் போயிருமே."

பக்ருன்னிசாவின் மகள் ஹஃபீஸா இப்போது ரெண்டாம் வகுப்பு. அடுத்த வருஷம் டப்பாவில் அவள் பெயர் இருக்கும்.

"இருக்கட்டும்க்கா. நீங்க உண்மையச் சொல்லிருங்க. அல்லா பாத்துக்குவான்" என்றாள்.

கடையைப் பூட்டிவிட்டு வந்த ரங்கநாயகியின் கணவர் ஜனகராஜ் மூக்குக் கண்ணாடி விற்பவர். கண்ணாடியைப் போட்டும் பார்த்தார், கழற்றியும் பார்த்தார். "மஞ்சளாத்தான் இருக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

ரங்கநாயகி பாலனையே பார்த்துக்கொண்டிருந்தாள். காவ்யஸ்ரீ பிறந்தபோது இதே மஞ்சள். மஞ்சள் காமாலை என்று கண்ணைக் கட்டி நீல விளக்கின் அடியில் போட்டுவிட்டார்கள். தூக்க விடவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று, நான் என்ன தப்புச் செய்தேன் என்று அழுதது அவளுக்கு ஞாபகம் வந்தது.

5

நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

(அ) ரங்கநாயகி விடிந்ததும் கடைக்குப் போய் அதே மாதிரி புதுச் சுரூபம் வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுகிறாள். யாருக்கும் தெரியவில்லை.

கதை முடிந்துவிடும். ஆனால் குளிப்பாட்டிய பாலனை அவள் என்ன செய்வாள்? வீட்டில் ஒளித்து வைப்பாளா? இரண்டு பத்தி எழுதியதும் அவள் வர மறுத்துவிட்டாள்.

(ஆ) துணியால் கழுத்துவரை சுற்றி—

மஞ்சளானதே முகம்தான். அடித்தாயிற்று.

(இ) சிஸ்டர் பிரகாசி ருத்ர தாண்டவம் ஆடுகிறார். ஊர் இரண்டுபடுகிறது. பத்திரிகைக்காரர்கள்—

"ஒங்களுக்குச் சண்டை வந்தாத்தான் கதையா? நாங்க அங்க அம்புட்டுப் பேரும் நிம்மதியாத்தானே இருக்கோம்?" என்றாள் தமிழ்வாணி. எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அவள் சொல்வது சரி.

ஆகவே நடந்ததையே எழுதுகிறேன்.

6

விழா அன்று காலை ரங்கநாயகி எல்லாருக்கும் முன்னால் வந்து, பள்ளி அலுவலக வாசலில் பெட்டியோடு நின்றாள். காவ்யஸ்ரீ வெள்ளைக் கவுன் போட்டு, தலையில் பூ வைத்து, அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பேச வேண்டியதை வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த ரங்கநாயகி, சிஸ்டரைக் கண்டதும் பெட்டியைத் திறந்து நீட்டினாள்.

சிஸ்டர் பிரகாசி மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். சிஸ்டர் பார்த்தால் அஞ்சாம் வகுப்புப் பையன்கள் சட்டைப் பொத்தானைச் சரி செய்வார்கள். அந்தப் பார்வை.

"என்னம்மா செஞ்சீங்க?"

"குளிக்க ஊத்துனேன் சிஸ்டர்."

"பாலனையா?"

"வீட்டுப் பிள்ளை மாதிரின்னு சொன்னீங்க. தூசியா இருந்துச்சு. பால் ஊத்தி, மஞ்சத் தண்ணி ஊத்தி... தப்பாப் போச்சு சிஸ்டர். புள்ளைய ஒண்ணும் சொல்லிறாதீங்க."

"தண்ணி சுடுதண்ணியா?"

ரங்கநாயகிக்குப் புரியவில்லை. "வெதுவெதுன்னுதான் சிஸ்டர். முழங்கை வச்சுப் பாத்துட்டுத்தான் ஊத்துனேன்."

"துவட்டுனீங்களா?"

"துவட்டுனேன்."

"சாம்பிராணி?"

"லேசாக் காட்டுனேன் சிஸ்டர்."

சிஸ்டர் பாலனைக் கையில் எடுத்தார். மஞ்சள் கன்னத்தைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். அதன் பிறகு சொன்னதை என் மனைவி அருகில் நின்று கேட்டாள். (அவள் ஏன் அத்தனை அருகில், அத்தனை பதற்றத்தோடு நின்றாள் என்பது மேலே உள்ள அடிக்குறிப்பைப் படித்தவர்களுக்குத் தெரியும்.)

"இத்தனை வருஷமா பஞ்சுக்குள்ள வச்சே கொண்டாந்து, பஞ்சுக்குள்ள வச்சே எடுத்துட்டுப் போனோம். பொறந்த பிள்ளைன்னு தெனமும் செபத்துல சொல்றோம். ஒருத்தியாச்சும் குளிக்க ஊத்துனோமா?"

பாலனை மறுபடி ரங்கநாயகியிடம் நீட்டினார்.

"பொறந்த பிள்ளை மஞ்சளாத்தாம்மா இருக்கும். இதுக்குப் போயிக் கலங்குவாங்களா? இந்தாங்க, மணி அடிக்கிற வரைக்கும் இளவெயில்ல காட்டுங்க. ஈரமும் காயும்."

ரங்கநாயகி அப்போதுதான் அழுதாள். அன்றைக்குத் தூக்க விடாத பிள்ளையை இன்றைக்குக் கையில் கொடுத்த மாதிரி இருந்தது என்று பிற்பாடு பக்ருன்னிசாவிடம் சொன்னாளாம்.

எங்கள் கொல்லைச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தேன். மைதானத்தின் நடுவில், கிழக்கே பார்த்து, இரண்டு கையிலும் பாலனை ஏந்திக்கொண்டு அவள் நின்றாள். அப்புறம் திருப்பி முதுகைக் காட்டினாள். பிள்ளை பெற்றவர்களுக்கு அது தெரியும், முன்னும் பின்னும் காட்ட வேண்டும். பக்ருன்னிசா ஓடிப் போய், குழந்தையின் கண்ணில் வெயில் படாமல் தன் துப்பட்டாவை நிழலுக்குப் பிடித்தாள்.

மணி அடித்தது. காவ்யஸ்ரீ பாலனை வாங்கிக்கொண்டு, டிபன் டப்பாவோடு பழகிய அதே நடையில், மெல்ல மெல்ல வேப்பமரத்தடிக்கு நடந்தாள். முன்வரிசையில் ஒரு வாண்டு, "ஏன் டீச்சர் பாலன் மஞ்சளா இருக்காரு?" என்று உரக்கக் கேட்டது. பள்ளியில் வாய் திறக்காத காவ்யஸ்ரீ நின்று, திரும்பி, "குளிச்சிருக்காரு" என்றாள். வைக்கோலில் படுக்க வைத்துவிட்டு வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

பாட்டு, நாடகம், கேக் எல்லாம் முடிந்து சிஸ்டர் மைக்கைத் தட்டினார். எங்கள் தட்டு ஸ்டாண்டு அதிர்ந்தது.

"லீவு முடிஞ்சு வரும்போது எல்லாரும் நகம் வெட்டியிருக்கணும். பொங்கல் விழாவுக்குக் கரும்பு நாலாங் கிளாஸ். விளையாட்டு விழாவுக்கு வெள்ளை ஷூ. இன்னொண்ணு, அடுத்த வருஷமும் சீட்டு இதே மாதிரிதான். பாலனை வாங்கிட்டுப் போறவங்க குளிப்பாட்டலாம். மஞ்சள் மட்டும் வேண்டாம்."

7

இங்கே முடிக்கலாம். தமிழ்வாணியும் முடிக்கத்தான் சொல்கிறாள். ஆனால் ஒரு பாக்கி இருக்கிறது. விடுமுறையில் கன்னத்துக்குச் சாயம் பூசட்டுமா, இந்தத் தடவை நல்ல பெயிண்ட்டாகவே பூசிவிடுகிறேன் என்று அவள் கேட்டதற்கு, "பாக்கலாம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார் சிஸ்டர். அதனால் பாலன் அடுத்த டிசம்பரில் ரோஸ் கன்னத்தோடு வருவாரா, மஞ்சளாகவே வருவாரா என்று என்னால் எழுத முடியவில்லை.

முடிவு வேண்டும் என்கிறவர்களுக்கு என்னிடம் வேறொன்று இருக்கிறது. இவ்வளவு தூரம் கூடவே வந்துவிட்டீர்கள். உங்கள் பெயரையும் ஒரு சீட்டில் எழுதி பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டேன். விழுந்தால் செருப்புக் கடைப் பெட்டி உங்கள் வீட்டுக்கு வரும். திறப்பதோ, ஃபிரிட்ஜ் மேல் வைத்துத் துப்பட்டா போர்த்துவதோ உங்கள் வீட்டு வழக்கப்படி. இந்தக் கதை எப்படி முடிகிறது என்பது அந்த இரவில் உங்கள் வீட்டில் நடப்பதுதான்.

குளிக்க ஊற்றுவதாக இருந்தால் முழங்கையால் சூடு பாருங்கள். கழுத்து மடிப்பில் ஈரம் தங்கும், பார்த்துத் துவட்டுங்கள்.