கிளித் தூண்

பக்கத்து வீட்டுத் தேவம்மாவின் அடுப்புப் புகை மூக்கில் ஏறியதும் லிங்கம்மாவுக்குக் கையிலிருந்த முறம் நழுவியது. வேப்பெண்ணெய் வாடை. அவளுக்குத் தெரியாத வாடையா அது! கொள்ளேகாலத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு மைசூருக்கு வந்த வருஷம் தொடங்கி, தசராவுக்கு முன்னால் அரண்மனையின் மரத்தூண்களுக்குக் கரையான் அண்டாமல் எண்ணெய் பூசிய பெண்களில் அவளும் ஒருத்தி.

இளவரசியின் கல்யாண வேளையில் தீப்பிடித்து அந்த அரண்மனையே போய்விட்டது. தீ எங்கே பிடித்தது, யார் அசட்டையாக இருந்தார்கள் என்று கேட்க ஒருவனுக்கும் நாக்கு எழவில்லை. ஆனால் தண்ணீர் எடுக்கும் துறையில் மட்டும் தீர்ப்பு தயாராக இருந்தது: எண்ணெய் தேய்த்த பொம்பளைகளால்தான் அப்படிக் கொழுந்துவிட்டு எரிந்ததாம்! இளைத்தவள் தலை என்றால் எவன் வேண்டுமானாலும் மிளகாய் அரைக்கலாமா?

லிங்கம்மா விறுவிறுவென்று பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தாள். அடுப்பில் அரண்மனைத் தூணின் பாதி கரிந்த கட்டை. அதன் நுனியில் செதுக்கிய கிளியின் மூக்கு. வெறுங்கையால் உருவி எடுத்துத் தண்ணீரை ஊற்றினாள்.

"அய்யோ சிவனே! சோறு வேகுதக்கா!" என்று தேவம்மா அலறினாள். "ஊரே அள்ளிட்டுப் போவுது, நான் எடுத்தா மட்டும் குத்தமா?"

"எழவு வூட்டு எலும்பப் பொறுக்கிச் சோறாக்குவியாடி?"

"ரொம்பப் பேசாதக்கா. நீங்க தேச்ச எண்ணெயிலதான அது எரிஞ்சுது!"

"வருசா வருசம் தேச்சோமே, ஒரு நாளாவது பத்துச்சா? எண்ணெய் தானா போயி நெருப்ப வெச்சுக்குமா? வெச்சவனக் கேக்கத் துப்பில்ல, எங்க கிட்ட வந்துட்டீங்க!"

கட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து வாசலில் உட்கார்ந்தாள். அரிவாள்மணையின் முனையால் கரியைச் சுரண்டினாள். ஒரு பக்கத்துச் சிறகு போய்விட்டது. உள்ளே மரம் இன்னும் செம்மை மாறாமல் இருந்தது. கணவன் மாதப்பன், "வுடு புள்ள, கரிக்கட்டைக்கா இத்தன ஆங்காரம்?" என்றான். அவள் உள்ளே போய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள்.

ஊற்றப்போன கை நின்றது. ஒருவேளை... நிஜமாகவே எண்ணெயால்தானோ? தேவம்மா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"மறுபடியும் எண்ணெயாக்கா?"

"ஆமா. மறுபடியும்தான்."

கொப்புளம் கண்டிருந்த உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றி அழுத்தித் தேய்த்தாள். எரிந்தது. விரலிடுக்கில் கரி வழிய வழிய, கிளியின் மூக்கு கொஞ்சம் கொஞ்சமாக மினுங்கத் தொடங்கியது.