பலா மேசையில் மஞ்சள் இடம்

தச்சரின் மனைவி இறந்த பதினோராம் மாதம், சாப்பாட்டு மேசையில் அவளுடைய முழங்கை தெரிந்தது. தச்சருக்கு இதில் பெரிய ஆச்சரியமில்லை. தேக்கு, அறுத்த புதிதில் பச்சை கலந்து வந்து, பிறகு பொன்னிறமாகும். பலா மஞ்சளாக வந்து, வெளிச்சம் படப்படச் செம்பழுப்பாகும். மறைத்த இடம் மட்டும் மஞ்சளாகவே நிற்கும். ஜன்னலோர மேசையில் யாரோ தினமும் உட்கார்ந்து வெளிச்சத்தை மறைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அவரை உறுத்தியது வேறு. அடையாளம் எதிர்க் கோடியில், ஒற்றை முழங்கையாக இருந்தது. ஒற்றை முழங்கை என்றால், முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கோபம் இன்னும் தீரவில்லை.

கோபம் நியாயமானதுதான். வீட்டுக்கென்று மூன்று மேசை செய்தார் மனிதர். மூன்றையும், யாராவது "அட, நல்லாருக்கே" என்றதும் தூக்கிக் கொடுத்துவிட்டார். மூன்றாவது வாசலைத் தாண்டிய அன்று, "உங்க வாயால செஞ்ச மேசையில சாப்பிட்டே எனக்கு வயிறு நெறஞ்சுபோச்சு" என்றாள். அதோடு பேச்சு நின்றது. ஆறு வாரத்தில் மூச்சும் நின்றது. நான்காவதை, இந்தப் பலா மேசையை, அதற்குப் பிறகுதான் செய்தார், பாவி, அழுதுகொண்டே.

மகள் வந்து குனிந்து பார்த்தாள். "அம்மாவேதான்ப்பா. மேல இழைச்சுட்டு மன்னிப்புக் கேட்டுப் பாருங்க."

இழைப்புளியால் மேலாக ஒரு சுற்று இழைத்தார். பலகை மறுபடி மஞ்சளானது. ஓராண்டு முழுக்க, சாப்பிடும்போதெல்லாம் எதிர்க் கோடியைப் பார்த்து, "தப்பு என்மேலதாம்மா" என்றார். அடுத்த அடையாளம் மேசை நடுவில், இரண்டு முழங்கையோடு வந்தது. அந்த வாரமே பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் வந்து மேசையைத் தடவி, "அட" என்று ஆரம்பித்தார். தச்சர் அவரை வாசல்வரை அழைத்துப்போய், வெளியே விட்டு, கதவைச் சாத்தினார்.

இன்னும் கிட்டே வருவாளா என்று மறுபடி இழைத்தார். ஏற்கெனவே மெல்லிசான பலகை அப்பளமாகிவிட்டது. "இனிமே இழைச்சா ஓட்டை விழுந்துடும்ப்பா, இதான் கடைசி" என்றாள் மகள். அந்த ஆண்டு அவருக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

பலகை பழுத்து நிறம் ஏறியபோது, எதிர்க் கோடியில் ஒன்றுமில்லை. நடுவிலும் இல்லை. அவர் தட்டை எடுத்தார். தட்டு இருந்த இடத்தை ஒட்டி, இடப்பக்கத்தில், அவளுடைய சுண்டுவிரல் வளைந்த கை மஞ்சளாக இருந்தது.

தச்சர் இழைப்புளியைப் பெட்டியில் போட்டு மூடினார். மறுநாள் சாப்பிட உட்கார்ந்தவர், "கொஞ்சம் தள்ளி உக்காரும்மா, கை இடிக்குது" என்றார். அவள் நகரவில்லை. அவரே நாற்காலியை நாலு விரற்கடை நகர்த்திப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.