கழுவிய தபால்தலைகள்

மின்னசோட்டாவின் அந்தச் சிற்றூரில் தபால் அலுவலகத்தைக் கட்டியாண்டு ஓய்வுபெற்ற ஆர்விட் ஹால்வர்சனுக்கு, மகள் கிர்ஸ்டன் பெயருக்கு வரும் சிறு பொட்டலங்கள் பிடிக்கவில்லை. ஒகையோ, டெக்சஸ் என்று எங்கிருந்தெல்லாமோ வந்தன. கேட்டால் கேசட் என்றாள். அவளும் தோழிகளும் வீட்டு நிலவறையில் கிட்டாரோடு போடும் கூச்சலைப் பதிவுசெய்து அனுப்புகிறார்களாம். வாங்கியவர்கள் அதைப் பிரதியெடுத்து அடுத்த ஊருக்கு அனுப்புகிறார்களாம். முகம் தெரியாதவர்கள் அந்தக் கூச்சலுக்கு ஏங்குவார்கள் என்பதை அவர் நம்பவில்லை. கஞ்சாதான் என்று முடிவுகட்டினார்.

ஒரு காலை, வந்த பொட்டலத்தை முகர்ந்து பார்த்தார். வாசனை இல்லை. ஆனால் தபால்தலையின் மேல் கட்டைவிரல் வழுக்கியது. முத்திரை மை தாளில் பிடிக்காதபடி அதன்மேல் பசை தடவியிருந்தார்கள். கிர்ஸ்டன் தண்ணீர்க் கிண்ணத்தில் தபால்தலைகளை ஏன் ஊறவைக்கிறாள் என்பது அப்போதுதான் விளங்கியது. பசையோடு முத்திரை மையும் கரைந்துவிடும். தபால்தலையை மறுபடி ஒட்டலாம்.

"எல்லாரும் பண்றதுதாம்ப்பா," என்றாள் அவள். "இல்லேன்னா எங்களுக்குக் கட்டுப்படியாகாது."

"கஞ்சாவா இருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். ஹால்வர்சன் வீட்லேர்ந்து தபாலை ஏமாத்துறதா? நீ அனுப்புற உறை மூலையில நம்ம பேரு இருக்கு, தெரியுமில்ல?"

தபால்துறை ஆய்வாளரிடம் தாமே சொல்லிவிடுவதென்று தொலைபேசியை நெருங்கினார். அதற்குள் அது மணியடித்தது. பேசியது ஒகையோ கல்லூரி வானொலியில் வேலை செய்யும் ஒருவன். கிர்ஸ்டன் குழுவை அங்கே வந்து வாசிக்கச் சொல்லிக் கூப்பிட்டான். அந்தப் பாட்டுகள் அங்கே எல்லோருக்கும் மனப்பாடம் என்றான்.

"எங்க, ஒண்ணு பாடு பாப்போம்," என்றார் ஆர்விட்.

அவன் தயங்காமல் பாடினான். நடுவில் பாட்டை நிறுத்தி, கிழட்டுக் குரலில் கத்தினான்: "கீழ யாரு சிகரெட் புடிக்கிறது?"

ஆர்விட்டுக்கு முதுகு நிமிர்ந்தது. அது, அவர்கள் பதிவுசெய்துகொண்டிருந்தபோது அவர் நிலவறைப் படியில் நின்று போட்ட சத்தம்.

"அந்த எடம் வந்தா மொத்தக் கூட்டமும் கத்தும் சார். அதுதான் பாட்டுலயே உசுரு."

தொலைபேசியை மகளிடம் நீட்டினார். அவள் பேசி முடிக்கும்வரை அங்கேயே நின்றார். பிறகு ஆய்வாளரை அழைக்கவில்லை. கிண்ணத்துத் தபால்தலைகளை மட்டும் அடுப்பில் போட்டார்.

"இனிமே தபால்தலை நான் வாங்கித் தரேன்," என்றார். "என் குரல் திருட்டுத் தபால்தலையில ஊர்ஊராப் போகக்கூடாது."

அடுத்த பொட்டலம் வந்தபோது, கிர்ஸ்டன் பிரிப்பதற்கு முன் அதன் தபால்தலையை நனைத்துத் தேய்த்துப் பார்த்தார். முத்திரை அழியவில்லை. இன்னொரு முறை தேய்த்தார்.