கஹாராவின் குட்டி

கஹாரா குட்டி போட்டிருக்கிறாள் என்பதை முதலில் கண்டுபிடித்தவள் கெபிரூங்கிதான். கொரில்லாக் கூட்டம் ராத்திரி தூங்கி எழுந்துபோன இலைப்படுக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தபோது, கஹாரா படுத்ததில் மட்டும் ரத்தக் கறை தெரிந்தது. கத்தக் கூடாத இடம் என்பதால் வாயைப் பொத்திக்கொண்டு குதித்தாள்.

ஆனால் அந்தக் குட்டியின் முகத்தை யாருமே பார்த்தபாடில்லை. கஹாரா லேசுப்பட்டவள் அல்ல. ஆள் வாடை பட்டதும் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவாள். மழைக்காலம் வந்து போனது. கெபிரூங்கியின் குழுவினர் கண்டதெல்லாம் கறுத்த முதுகும், தோளுக்கு மேலே குத்திட்டு நிற்கும் குட்டியின் நாலு மயிரும்தான்.

பிவிண்டிக் காட்டில் அந்தக் கூட்டம் இன்னும் மனிதருக்குப் பழகாதது. பழக்குவதுதான் கெபிரூங்கியும் அவளோடு இருப்பவர்களும் பார்க்கிற வேலை. தினமும் போய்த் தள்ளி உட்கார வேண்டும். இலையைப் பறித்து மெல்வதுபோல் பாசாங்கு செய்ய வேண்டும். முக்கியமாக, தொண்டைக்குள்ளிருந்து ‘ம்ம்... ஹும்’ என்று ஒரு கனைப்புக் கொடுக்க வேண்டும். நான்தான் வந்திருக்கிறேன், வம்புக்கு வரவில்லை என்று அதற்குப் பொருள். கூட்டத்தின் தலைவன் முகூரு, முதுகு வெளுத்த மாமலை, பதிலுக்குக் கனைத்தால் அன்றைக்குப் பிழைத்தார்கள். கனைக்காமல் எதிரே போய் நின்றவனை அவன் என்ன செய்வான் என்று கூட வேலை பார்க்கும் எம்போன்யேயிடம் கேட்டால் சட்டையைக் கழற்றித் தழும்பைக் காட்டுவான். கெபிரூங்கிக்கு இந்தக் கனைப்பு எவ்வளவு ஊறிப்போயிருந்தது என்றால், வீட்டில் புருஷன் ஏதாவது கேட்டாலும் அதுதான் பதில்.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. புதுக் குட்டியின் முகத்தை யார் முதலில் பார்க்கிறாரோ, அவர்தான் பெயர் வைக்க வேண்டும். கெபிரூங்கி ஒரு பெயரை மனசுக்குள் முடிந்து வைத்திருந்தாள்: க்வேசி. நிலா என்று அர்த்தம். அந்த முகத்தை வேறு எவரும் பார்த்துவிடக் கூடாது என்று தினமும் எல்லோருக்கும் முன்னால் நடந்தாள்.

இப்படி இருக்கையில்தான் தம்பி கல்யாணம் வந்தது, கூடவே மழையும் வந்தது. மழைக்குப் பயந்து ஆட்டத்தை நிறுத்துகிறவர்களை அவளுடைய பக்கிகா ஜனத்தில் நான் இதுவரை பார்த்ததில்லை. எகிசினோ என்பது நிலம் அதிரக் குதித்து ஆடுகிற ஆட்டம். பெண் வீட்டார் ஆடிக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளையின் அக்கா போய் ஒதுங்கி நிற்க முடியுமா? சேற்றில் முழங்கால்வரை நனைந்து ஆடித் தீர்த்தாள். மறுநாள் தொண்டை கரகரத்தது.

விடிந்ததும் காட்டு வாசலில் குழுத் தலைவர் கமுகாஷா வழக்கம்போல் எல்லோரையும் நிறுத்தி வைத்துக் கேட்டார்.

“யாருக்காச்சும் இருமல், சளி, காய்ச்சல் இருந்தா இப்பவே சொல்லிருங்க. நமக்கு வந்தா ரெண்டு நாள் மூக்கச் சிந்திட்டுப் போயிருவோம். அதுங்களுக்கு வந்தா செத்துரும்.”

கெபிரூங்கி இஞ்சி தட்டிப்போட்ட வெந்நீரை வயிறு முட்டக் குடித்துவிட்டு வந்திருந்தாள். “இல்ல, செபோ” என்றாள் மரியாதையாக.

எம்போன்யே அவளை ஒரு மாதிரி பார்த்தான். “என்ன அக்கா, கொரலு கெழட்டு ஆடு மாதிரி இருக்கு?”

“கல்யாணத்துல பாடினேன்டா.”

“பாடினியா? பொண்ணு வீட்டுக்காரங்க பாவம், இன்னும் இருக்காங்களா, ஓடிட்டாங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறப் பார்த்ததை விழுங்கிக்கொண்டாள்.

மலை ஏறி, இறங்கி, மறுபடி ஏறினார்கள். புதுச் சாணம் ஆவி பறக்கக் கிடந்தது. முகக்கவசத்தைக் கட்டிக்கொண்டார்கள். கமுகாஷா கையைத் தூக்கினார். இலைகளுக்கு நடுவே கஹாரா தெரிந்தாள். முதுகு அல்ல, பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தாள்! மடியில் ஏதோ நெளிந்தது. கெபிரூங்கி நிற்கும் இடத்திலிருந்து ஒரு கிளை மட்டும்தான் மறைத்தது. ஓர் அடி நகர்ந்தால் போதும்.

அந்த நேரம் பார்த்துத்தான் தொண்டையில் எறும்பு ஊர்ந்தது.

அவள் அந்த அடியை எடுத்து வைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு திரும்பி, கமுகாஷாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “செபோ, காலையில பொய் சொல்லிட்டேன். இருமல் வருது.”

கமுகாஷாவின் கண்கள் மேலேறின. வாயைத் திறந்து திட்ட முடியாத கோபம் அது. “பாவி, கொன்னுருப்பியேடி” என்று காதோரம் சீறினார். “கீழ ஓடைக்குப் போ. காத்தும் அந்தப் பக்கமாத்தான் அடிக்குது. நாங்க வர்ற வரைக்கும் அங்கயே கெட.”

அவள் ஓடைக்கு வந்து, சேற்றில் உட்கார்ந்து, முழங்கையில் வாயை அழுத்தி ஆசை தீர இருமினாள். பிறகு அழுதாள். எம்போன்யே இந்நேரம் பார்த்திருப்பான், ஏதாவது கோணங்கிப் பெயரை வைத்திருப்பான் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அழுதாள்.

மேலே மூங்கில் முறிந்தது.

நடுப்பகலில் முகூருவின் கூட்டம் எப்போதும் மேட்டுக்குத்தான் போகும். என்ன தோன்றியதோ, அன்றைக்கு ஓடைக்கு இறங்கியது. இரண்டு பக்கமும் முள் புதர். ஓடினால் துரத்துவான் என்பது அவளுக்குத் தெரியும். முகூரு புதரைத் துணிபோல் விலக்கிக்கொண்டு வெளியே வந்தான். இவ்வளவு பக்கத்தில் அவள் அவனைப் பார்த்ததே இல்லை. அவன் நின்றதும் ஓடைமேல் இருந்த வெளிச்சமே குறைந்துபோனது. தேன்நிறக் கண்கள் அவள்மேல் நின்றன. கோபமும் இல்லை, பயமும் இல்லை. அவன் காத்திருந்தான்.

கனைப்புக்காகக் காத்திருந்தான்.

கனைத்தால் இருமல் பிய்த்துக்கொண்டு வரும். கனைக்காவிட்டால் எம்போன்யேயின் தழும்புதான் கதி. அவனுக்குப் பின்னால் வரிசையாகக் குடும்பம். கடைசியில், மார்பில் முகம் புதைத்த குட்டியோடு கஹாரா. இந்தமுறை அவள் முதுகைக் காட்டவில்லை.

கெபிரூங்கி மழைக்கோட்டின் தலைமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு குப்புறப் படுத்தாள். முகக்கவசத்தோடு முகத்தை ஈர மண்ணுக்குள் புதைத்தாள். கண்ணுக்கும் மூக்குக்கும் சேறு. அந்தச் சேற்றுக்குள், பூமியிடம் சொல்வதுபோல் சொன்னாள்: “ம்ம்... ஹும்.”

இருமல் வந்தது. பல்லைக் கடித்துத் திருப்பி அனுப்பினாள். அடிவயிறு வலித்தது.

பிறகு அவன் பதில் சொன்னான். அதை அவள் காதால் கேட்கவில்லை. தரை வழியாக வந்து விலா எலும்புகளுக்குள் இறங்கியது. அப்பேர்ப்பட்டவன், ஒரே அடியில் அவளை முடித்துவிடக் கூடியவன், மண்ணில் கிடக்கிற ஒரு மனுஷிக்கு மரியாதையாகப் பதில் சொல்கிறான். அவள் உடம்பெல்லாம் சிலிர்த்தது. தான் எவ்வளவு சின்னவள் என்று தோன்றியது; அதில் துளி வருத்தமும் இல்லை, ஆனந்தமாகத்தான் இருந்தது.

அவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். கனத்த பாதங்கள் சேற்றில் அழுந்தி எழுவதும், தண்டைக் கடித்து உரிப்பதும், ஒரு கிழவியின் திருப்தியான ஏப்பமும் கேட்டன. அப்புறம் அவள் ரப்பர் பூட்ஸின் மேல் ஏதோ உட்கார்ந்தது. ஒரு பூனையளவு கனம்தான் இருக்கும். பூட்ஸை இழுத்துப் பார்த்தது. தட்டிப் பார்த்தது. கெண்டைக்காலில் ஏறி நின்று ஒரு குதி குதித்தது.

தலையைத் திருப்பினால் போதும். இத்தனை நாள் காத்திருந்த முகம் அங்கேதான், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கெபிரூங்கி முகத்தை இன்னும் ஆழமாக மண்ணுக்குள் அழுத்தினாள்.

கஹாராவின் உறுமல் கேட்டது. கனம் போய்விட்டது.

பின்தொடர்ந்து வந்த மற்றவர்கள் அவளைத் தூக்கி நிறுத்தியபோது, கண் இமைவரை எல்லாம் சேறு. கமுகாஷா திட்டவில்லை. சளி போன பிறகும் இரண்டு வாரம் காட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று மட்டும் சொன்னார். விலங்கு மருத்துவருக்கும் தகவல் போனது.

அந்த நாட்களில் அவள் சோறு தண்ணீர் இறங்காமல் கிடந்தாள். சாயங்காலமானால் எம்போன்யே வாழைத் தோட்டத்துக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு கத்துவான்: “அக்கா! ஒருத்தருக்கும் மூக்கு ஒழுகல! குட்டி மரத்துல தலகீழாத் தொங்குது!” அதற்குப் பிறகுதான் ஒரு வாய் பீன்ஸ் உள்ளே போகும்.

கெடு முடிந்த அன்று அவன் வீட்டுக்குள்ளேயே வந்து, ஒரு சுரைக்குடுவை புஷேரா கஞ்சியை மடக்மடக்கென்று குடித்தான்.

“எல்லாம் கல்லு மாதிரி இருக்குதுங்க. டாக்டரும் பாத்துட்டாரு” என்றான். “அன்னிக்கு அது ஒங் கால்மேல ஏறி நின்னு எங்களையே பாத்துச்சு, அக்கா. மொதல்ல பாத்தது நான்தான்.”

“அப்ப நீ பேரு வெச்சிருப்ப.”

“நீ என்ன பேரு வெச்சிருந்த?”

“க்வேசி.”

“நானும் அதத்தான் வெச்சேன்” என்றான் கூசாமல். அவனுக்கு அதுவரை அந்தப் பெயர் தெரியவே தெரியாது.

கெபிரூங்கி மேல்துணி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “மொகம் எப்படிடா இருந்துச்சு?”

எதற்கும் பதில் வைத்திருக்கிற எம்போன்யே கையால் காற்றில் ஏதோ வரையப் பார்த்து, விட்டுவிட்டான். கடைசியில் தொண்டைக்குள்ளிருந்து மெதுவாகச் சொன்னான்:

“ம்ம்... ஹும்.”

அவளும் பதிலுக்குக் கனைத்தாள். இருமல் வரவில்லை.